ஊற்றடியில் பேசாதவன்

ஸ்டான்வெல் கன்னியர் மடம்,
746ஆம் ஆண்டு, உயிர்ப்புப் பெருநாள் கழிந்த வெள்ளி

அன்புத் தம்பி வின்பெர்ட்டுக்கு,

இங்கே அக்கா எல்புர்கா சுகம். உன் சுகத்தை அறியக் காத்திருந்து காத்திருந்து எனக்குக் கோபமே வந்துவிட்டது.

உன் தீவிலிருந்து கம்பளி ஏற்றிவரும் படகு வந்தது, போனது, மறுபடியும் வந்தது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. படகோட்டியைப் பிடித்துக் கேட்டால், "நல்லாத்தாம்மா இருக்காரு, நிறையப் பேசுறாரு" என்கிறான். இதைச் சொல்ல ஒருவன் கடல் தாண்டி வரவேண்டுமா? அப்பா நம் இருவரையும் கடவுளுக்கென்று நேர்ந்து, உன்னை ஆண்கள் வாசலிலும் என்னைக் கன்னியர் வாசலிலும் விட்டுவிட்டுப் போன அன்றிலிருந்து நீ பேசிக்கொண்டுதான் இருக்கிறாய். சாப்பாட்டு வேளையில் பேசியதற்காக நீ வாங்கிய அடியை எல்லாம் சேர்த்தால் ஒரு காட்டுப் பிரம்பு தீர்ந்திருக்கும்.

இங்கே குளிர் நீண்டுவிட்டது. ஆட்டுக்குட்டிகள் பாதி செத்துப்போயின. சமையற்கட்டுக்குப் புதிதாக வந்த கன்னி கஞ்சியைத் தீய்க்கிறாள், பிறகு அழுகிறாள், அழுகிற நேரத்தில் அடுத்த பானையும் தீய்கிறது. மடத்துத் தலைவி என்று பெயர்தான், நாள் முழுவதும் நான் செய்வது மற்றவர்கள் கண்ணைத் துடைப்பது.

இத்துடன் ஒரு முடிச்சு மிளகும், முழங்கால் வரை வரும் கம்பளிக் காலுறையும் அனுப்புகிறேன். மிளகை எல்லாருக்கும் வாரிக் கொடுத்துவிடாதே. உனக்கு நெஞ்சுச்சளி உண்டு என்பது உனக்கு மறந்தாலும் எனக்கு மறக்காது.

இத்தனை வருடம் போதாதா? திரும்பி வா. இதை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன். இதிலும் எழுதிவிட்டேன்.

உன் அக்கா,
எல்புர்கா

---

தெர்னா தீவு,
பெந்தெகொஸ்தேக்குச் சற்று முன்

என் அக்காவும், ஊருக்கெல்லாம் அம்மாவுமான எல்புர்காவுக்கு, உன் வாயாடித் தம்பி எழுதுவது.

காலுறை கச்சிதம். மிளகு தீர்ந்துவிட்டது. திட்டாதே. எனக்கு இடம் கொடுத்திருக்கிற ரிக்ஸ்டாவின் குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தது, தேனில் கலந்து கொடுத்தேன். ரிக்ஸ்டா விதவை, ஆடு வளர்க்கிறவள், நாக்கில் உன்னைவிடக் காரம். தலை நடுவே நான் மழித்திருக்கும் வட்டத்தைப் பார்த்து எனக்கு மொட்டைச்சாமி என்று பெயர் வைத்தவள் அவள்தான். இப்போது தீவு முழுக்க அதுதான் என் பெயர்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். எழுத ஒரு விஷயம் இருந்தது, எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது.

இந்தத் தீவில் எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர். மேட்டில் வீட்டைக் கட்டிக்கொண்டு, மழைநீரைக் குட்டையில் பிடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். நல்ல தண்ணீர் ஒரே ஒரு ஊற்றில்தான். அந்த ஊற்று இவர்கள் தெய்வத்தின் வாய் என்று நம்புகிறார்கள். தெய்வம் பேசுகிற இடத்தில் மனிதன் பேசக் கூடாதாம். ஊற்றைச் சுற்றி வெள்ளைக் கல் பதித்திருக்கிறது. கல்லைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சொல் வரக் கூடாது. தண்ணீரோடு கல்லுக்கு வெளியே வந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் பேசலாம், பாடலாம், சண்டையும் போடலாம்.

ஆமாம் அக்கா. உன் தம்பி தினமும் காலையில் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறான்.

ஊற்றில் தெய்வம் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர்கள் தண்ணீரைக் குடித்து உயிர் வாழ்கிற விருந்தாளி நான். வீட்டுக்காரர் கேட்டுக்கொள்கிற ஒரே மரியாதை இது. அதைக்கூடத் தராவிட்டால் நான் சொல்லும் நற்செய்தியை எவன் கேட்பான்?

ஆனால் வரிசை நீளம், என் நாக்கு அரிக்கிறது. ஒருநாள் பொறுக்க முடியாமல் ரிக்ஸ்டாவைப் பார்த்து நம் மடத்துச் சாப்பாட்டு அறைச் சைகையில் "மீன்" காட்டினேன், கையை வால் மாதிரி ஆட்டி. அவள் முறைத்தாள். பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்து அவளும் வாலை ஆட்டினாள். மறுநாள் நான் "வெண்ணெய்" காட்டினேன், உள்ளங்கையில் மூன்று விரலால் தடவி. அதற்கடுத்த நாள் "உப்பு", "ரொட்டி". இப்போது ஊற்றடியில் வரிசை முழுவதும் கையாலேயே வம்பு பேசுகிறது. குடம் நிரம்புவதற்குள் ஊர்ச் செய்தி அத்தனையும் தெரிந்துவிடுகிறது. சத்தம் மட்டும் கிடையாது. தெய்வத்துக்கும் கோபமில்லை.

கல்லைத் தாண்டியதும் ரிக்ஸ்டா என்னைப் பிடித்துக்கொள்கிறாள்: "என்ன மொட்டைச்சாமி, இந்தச் சைகையெல்லாம் உங்க ஊர்ல எதுக்கு?"

"சாப்பிடும்போது பேசக்கூடாதுன்னு எங்க மடத்துல சட்டம்."

"அப்ப உங்க சாமிக்கும் சத்தம் புடிக்காதா?"

அப்படித்தான் அக்கா பேச்சு தொடங்கியது. நான் ஏழு வருடம் தொண்டை கிழியப் பிரசங்கம் செய்து திரும்பிப் பார்க்காதவர்கள், நான் வாயை மூடிய பிறகு என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். ரிக்ஸ்டாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஞானஸ்நானம் வேண்டும் என்கிறார்கள். ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே வைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

ஒரு உதவி செய். "பயம்" என்பதற்குச் சைகை உண்டா? எனக்கு நினைவில்லை.

தம்பி,
வின்பெர்ட்

---

ஸ்டான்வெல்,
யோவான் ஸ்நானகர் திருநாள்

தம்பிக்கு,

சிரிக்கத்தான் செய்தேன். கோவிலில் படித்துவிட்டேன், அதுதான் தப்பு. பாடிக்கொண்டிருந்த கன்னியர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உனக்கு நினைவிருக்கிறதா, கோவிலில் ஆண்கள் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து, நாக்கு நுனியில் விரலை வைத்து "தேன்" காட்டுவாய். உங்கள் பந்தியில் தேன் போட்டார்கள், எங்களுக்கு இல்லை என்று என்னைக் கடுப்பேற்றத்தான். நான் பதிலுக்குக் கையால் "வாயை மூடு" காட்டுவேன். பூசை முடியும்வரை இதே வேலை. அந்தச் சைகை கடலுக்கு அப்பால் போய் ஒரு விதவையைச் சிரிக்கவைக்கும் என்று யார் நினைத்தார்கள்!

பயத்துக்கு நம்மிடம் சைகை கிடையாது. சாப்பாட்டு அறையில் பயப்பட என்ன இருக்கிறது, கஞ்சியைத் தவிர? நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நல்ல செய்தி. ஆயர் உனக்குத் துணையாக ஹூனாவை அனுப்புகிறார். படித்தவர், நல்ல குரல், குளிருக்கு அஞ்சாத உடம்பு. பேசினால் அடுத்த அறையில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்வான். அவர் வந்து ஊன்றிக்கொண்டதும் நீ திரும்பலாம் என்று ஆயரே என்னிடம் சொன்னார். செப்டம்பர் கடைசியில் மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு வரும் கம்பளிப் படகில் நீ இருக்க வேண்டும். இருப்பேன் என்று எழுது. "பார்க்கலாம்" என்று எழுதினால் படகு அனுப்பமாட்டேன், நானே நீந்தி வருவேன்.

அக்கா

---

தெர்னா தீவு,
லவ்ரேந்தியார் திருநாளுக்குப் பின்

அக்காவுக்கு,

இருப்பேன். எழுதிவிட்டேன். மிக்கேல் திருநாள் படகில் வருகிறேன்.

ஹூனா வந்து சேர்ந்தார். தங்கமான மனிதர். வந்த அன்றே ரிக்ஸ்டாவின் ஆட்டுப்பட்டிக்கு வேலி அடைத்துக் கொடுத்தார். ஆனால் எனக்கும் அவருக்கும் தினமும் ஒரு வாக்குவாதம். நான் மூன்று பெண்களுக்கும் வீட்டில் குடத்துத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்ததை அவர் ஏற்கவில்லை.

"கர்த்தர் ஆத்துல இறங்கினாரா, குடத்துலயா?" என்கிறார்.

"குடத்துத் தண்ணியும் அதே ஊத்துத் தண்ணிதானே ஹூனா?"

"ஊத்துல நின்னு உரக்கச் சொல்லாம, திருட்டுத்தனமா வீட்டுக்குள்ள கொடுத்தா, நாமளே அவங்க தெய்வத்துக்குப் பயந்த மாதிரி ஆகாதா?"

"பயம் இல்ல, மரியாதை."

"வெளியில இருந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. ஆனாலும் கல்லுக்குள் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டியிருக்கிறார்.

பயத்துக்குச் சைகை கண்டுபிடித்தோம். கையை முட்டியாக மூடி நெஞ்சில் வைப்பது. பயமில்லை என்றால் நெஞ்சில் வைத்த முட்டியைத் திறந்து காட்டுவது. ரிக்ஸ்டாவின் மகள் கண்டுபிடித்தது. வாத்தைப் பார்த்தால் மூடுவாள், வாத்து போனதும் திறப்பாள்.

உன் கஞ்சியைக்கூட நினைத்து ஏங்குகிறேன், தீய்ந்த கஞ்சியை. இங்கே எல்லாவற்றிலும் உப்பு.

வருகிறேன்.

வின்பெர்ட்

---

ஸ்டான்வெல்,
மாதாவின் பிறப்புத் திருநாள்

வருகிறவனுக்கு,

பாதையோரக் குடில் ஒன்றை உனக்காகப் பெருக்கி வெள்ளையடிக்கச் சொன்னேன். புது வைக்கோல் போட்டாயிற்று. சன்னல் கோவிலைப் பார்த்து இருக்கிறது, எழுந்து வரச் சோம்பலாக இருந்தால் படுத்தபடியே பூசை கேட்கலாம். தேன் ஒரு சாடி எடுத்து மறைத்து வைத்திருக்கிறேன், சமையல்காரிக்கும் தெரியாது. கன்னியர் எல்லாரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார்கள். நீ வாய் மூடி நிற்பாய் என்று சொன்னேன், ஒருத்தியும் நம்பவில்லை.

ஹூனாவோடு சண்டை போடாதே. எப்படியும் கிளம்புகிறாய், சமாதானமாகக் கிளம்பு.

நான் வயதில் மூத்தவள். உனக்கு முன்னால் போகவேண்டியவள். போகும்போது பக்கத்தில் யாராவது நம் வீட்டு ஆள் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. துறவிக்கு இப்படி ஆசை கூடாதுதான். இருக்கிறது, என்ன செய்ய?

அக்கா

---

தெர்னா தீவு,
மத்தேயு திருநாளுக்கு முன்

என் அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. வெள்ளையடித்த குடிலைப் பற்றிப் படித்தேன். அதனால்தான் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

மாதா திருநாளுக்குச் சில நாள் கழித்து ஹூனா மூன்று பெண்களையும் ஊற்றுக்கு அழைத்துப்போய், கல்லுக்கு உள்ளே நின்று, உரத்த குரலில் திரும்பவும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். நான் அப்போது ஆட்டுப்பட்டியில் இருந்தேன். குரல் அங்கே கேட்டது. ஊரே அப்படியே நின்றது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஹூனா என்னைப் பார்த்து, "பாத்தீங்களா" என்றார்.

அந்த வாரமே கடல் பொங்கியது. இந்தப் பருவத்தில் அது வருவதுண்டு. இந்த முறை ஊற்றுவரை வந்துவிட்டது. வடிந்த பிறகு ஊற்றில் உப்பு. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின. குழந்தைகள் அழுதன. இவர்கள் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது அக்கா. தண்ணீர் இல்லாவிட்டால் இந்தத் தீவில் யாரும் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது.

இவர்கள் சட்டம் இது: ஊற்றை அவமதித்தால் அவமதித்தவரின் குடும்பம் முழுவதும் பொறுப்பு. குடும்பத்தில் ஒருவரைக் கடலுக்குக் கொடுக்க வேண்டும், அது யார் என்பதைத் தெய்வம் சொல்லும். ஹூனா, நான், அந்த மூன்று பெண்கள், நாங்கள் ஐந்து பேரும் ஒரே குடும்பம் என்று வைத்துக்கொண்டார்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஐந்து குச்சிகள், ஒன்றில் மட்டும் கீறல். ஒவ்வொன்றையும் வெள்ளைக் கம்பளியில் சுற்றி, பெயர் சொல்லி ஒவ்வொருவர் முன்னும் வைத்துப் பிரிக்கிறார்கள். என் முன்னால் வைத்த கம்பளியில் கீறல் குச்சி இருந்தது.

ஹூனா எழுந்து கத்தினார்: "பேசினது நான்! அவர் ஒரு வார்த்தை பேசல! என்னைக் கொண்டுபோங்க!" அவர் அழுததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. தீவுத் தலைவர் கெர்லோ தலையை அசைத்துவிட்டார். கம்பளியைப் பிரித்த பிறகு மாற்றக் கூடாதாம்.

உனக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வந்தது. வாழ்நாள் முழுக்கப் பேசியதற்காக அடி வாங்கினவன். நான் வாயை மூடியிருந்த ஒரே இடத்தில், பேசியதாகத் தண்டனை.

கெர்லோ இன்று காலையில் வந்தார். ரிக்ஸ்டா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கடலைப் பார்த்தபடி சொன்னார்: "மொட்டைச்சாமி, என் சின்னப் படகு கரையில கெடக்கு. கட்டல. துடுப்பும் உள்ளயே இருக்கு. எனக்கு வேற இப்பல்லாம் தூரத்துல இருக்கறது சரியாத் தெரியல."

"நான் போயிட்டா என்ன ஆகும்?"

"திரும்பக் குச்சி எடுக்கணும்."

"ரிக்ஸ்டா பேரும் அதுல இருக்குமா?"

அவர் மோர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "எல்லார் பேரும் இருக்கும்" என்றார். போகும்போது, "நீ ஊத்தடியில பேசினதே இல்லன்னு எனக்குத் தெரியும்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, படகைப் போய்ப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன். கையை அதன் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நீ வெள்ளையடித்த குடிலின் சன்னல் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு பட்டியிலிருந்து ரிக்ஸ்டாவின் மகள் வாத்தைத் துரத்திக்கொண்டு வந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

வேதசாட்சியாக வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டது தேன் போட்ட கஞ்சிக்கு. யார் மேலும் கோபப்படாதே, ஹூனா மேலும். கடவுளுக்காக என்று நினைத்துத்தான் செய்தார். இந்த ஊர் மேலும் கோபப்படாதே. இவர்கள் நல்லவர்கள், பயந்திருக்கிறார்கள்.

படகில் வருவேன் என்று எழுதிக்கொடுத்தேன். உனக்குக் கொடுத்த வாக்கை நான் மீறுவது இது முதல் தடவை இல்லை, கடைசித் தடவை.

உன் தம்பி,
வின்பெர்ட்

---

ஸ்டான்வெல்,
747ஆம் ஆண்டு, உன் நாள்

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகப் படகு இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உன் கடைசிக் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்னால் மிக்கேல் திருநாள் வந்துவிட்டது. நீ வருவாய் என்று நான் கரைக்குப் போனேன். தேன் சாடியைக்கூட முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன், பைத்தியக்காரி மாதிரி. படகிலிருந்து ஹூனா இறங்கினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் காற்றில் சிவந்துபோன முகத்தோடு ஒரு பெண். பலகையில் நின்றபடியே என்னைப் பார்த்துக் கையை வால் மாதிரி ஆட்டினாள். பிறகு உள்ளங்கையில் மூன்று விரலால் தடவினாள். யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. யார் வரவில்லை என்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ரிக்ஸ்டா எல்லாம் சொன்னாள். அவர்கள் பேச்சும் நம் பேச்சும் பெரிய தூரமில்லை, தெரியாத இடத்தில் கை இருந்தது.

கடலுக்குக் கூட்டிப்போகும்போது ஊற்று வழியாகப் போகலாம் என்று நீ கேட்டாயாம். கல்லுக்குள் போய்க் குனிந்து ஒரு வாய் குடித்தாயாம். உப்பு. நீ முகத்தைச் சுளித்த விதத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்களாம். அப்போதும் ஒரு சொல் பேசவில்லையாம். அதைப் பார்த்து கெர்லோ, கூட வந்தவர்கள் எழுப்பிய குலவையை நிறுத்தச் சொல்லிவிட்டார், கையைக் கட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மணல் திட்டில் நட்டிருந்த கம்பத்தில் இடுப்பை மட்டும் கட்டினார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியது. காற்றில் கரைக்கு எந்தச் சத்தமும் வராது என்பதால், ரிக்ஸ்டா தண்ணீரோரம் வந்து முட்டியை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். நீயும் கையை மூடி நெஞ்சில் வைத்தாய். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாய். பிறகு திறந்தாய்.

அதற்கப்புறம் பேசிக்கொண்டே இருந்தாயாம். மீன், உப்பு, ரொட்டி, வெண்ணெய், வாத்து. கரையில் பெண்கள் எல்லாரும் கையால் பதில் சொன்னார்களாம். கடைசியில் நாக்கு நுனியில் விரல் வைத்துத் தேன் காட்டினாய். பிறகு நெற்றியில் இரண்டு விரலை இழுத்துக் காட்டினாய். அந்தச் சைகையை நீ அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. ரிக்ஸ்டா என்னிடம் கேட்டாள்: "அது என்ன?"

நான் என் நெற்றியில் கட்டியிருக்கிற கன்னியர் பட்டையைத் தொட்டுக் காட்டினேன். 

ஆயர் உன் வாழ்க்கையை எழுத ஒரு எழுத்தரை அனுப்பினார். எழுதிக்கொண்டும் வந்துவிட்டார். அதில் நீ ஊற்றடியில் நின்று ஆண்டவர் பெயரை இடிமுழக்கம் போல் முழங்குகிறாய், ஊற்று பயந்து பின்வாங்குகிறது.

"இது நடக்கலையே" என்றேன்.

"அம்மா, வேதசாட்சி வாயை மூடிட்டு நின்னாருன்னு எழுதினா யார் படிப்பா?"

"நான் படிப்பேன். இல்லன்னா என் மடத்துல இது படிக்கப்படாது."

ஹூனா என் பக்கம் நின்றார். முழங்கியது தான் என்று எழுத்தரிடம் சொல்லி, தன் பெயரைப் போடச் சொன்னார். எழுத்தர் சுவடியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மற்ற மடங்களில் எதைப் படிப்பார்களோ, எனக்குத் தெரியாது.

ரிக்ஸ்டா படகு இல்லாத குளிர்காலம் முழுவதும் இங்கே இருந்துவிட்டு, அண்டை வீட்டில் விட்டுவந்த மகளிடம் வசந்தத்தில் திரும்பினாள். தேன் சாடியை அவளிடம் கொடுத்தேன். மழையில் ஊற்று தெளிந்துவிட்டதாகச் சொல்லியனுப்பினாள். பெண்கள் இப்போதும் கல்லுக்குள் பேசுவதில்லை, கையால்தான் எல்லாம். உனக்கும் ஒரு சைகை வைத்திருக்கிறார்களாம். உச்சந்தலையில் ஒரு விரலால் வட்டம் போடுவது.

இன்று உன் நாள். காலையில் கோவிலுக்குத் தண்ணீர் எடுக்க எல்லாரும் ஒரு சொல் பேசாமல் கிணற்றுக்குப் போக வேண்டும் என்று உத்தரவிட்டேன். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் என்றும் சொல்லிவிட்டேன். நாவடக்கத்துக்கான தவம் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். புதியவள் ஒருத்திக்குக் குடத்தை இறக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். யாருக்காக இது என்று கண்ணால் கேட்டாள். நான் உச்சந்தலையில் வட்டம் போட்டுக் காட்டினேன்.

கிணற்றடியில் அத்தனை அமைதியாக இருந்தது. சின்ன வயதில் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயை மூடுடா என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்று குடம் நிரம்பும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், நீ ஏதாவது பேசமாட்டாயா என்று.

உன் அக்கா,
எல்புர்கா